முப்பத்தெட்டாம் நம்பர் செருப்பு

சோபனாவுக்குச் செல்வகுமார் மேல் முதல் சந்தேகம் விழுந்தது அவன் காலடிச் சத்தத்தால். சத்தம் கேட்டதால் அல்ல, கேட்காததால்.

ஆம்பூரில் ரயில்வே கேட்டை ஒட்டிய அந்தத் தெருவில் வருகிறவர் யார், போகிறவர் யார் என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாதிப் பேர் காலில் கிடப்பது ஐரோப்பாவுக்குப் போகக் கிளம்பி, தையலில் கோணல் என்று பெட்டியிலிருந்து திரும்பி வந்த ஷூக்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கத்தும். கன்னியப்பன் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே அவர் மனைவி சோபனாவுக்குக் கேட்டுவிடும்; அடுப்பில் டீத்தண்ணீர் ஏறிவிடும். அப்படிப்பட்ட காதை ஏமாற்றிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திறந்த கதவு வழியாக ஒருவன் அடுப்படி வரைக்கும் வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் முதுகுக்குப் பின்னால் நின்று "அத்தை" என்றான். துருவல் ஒரு பக்கமும் தட்டு ஒரு பக்கமும் போயின.

செல்வகுமார் எவர்சில்வர் டப்பாவை நீட்டினான். அவன் அம்மா கொழுக்கட்டை கொடுத்தனுப்பியிருந்தாள்.

"டப்பாவக் கழுவித் தர்றேன், உக்காருப்பா" என்று சொன்ன சோபனா, டப்பாவோடு பின்கதவு வழியாக வெளியேறி, பக்கத்துச் சந்தில் புகுந்து, தன் வீட்டு வாசலுக்கே திருட்டுத்தனமாக வந்து சேர்ந்தாள். படியில் அவன் கழற்றிவிட்ட செருப்பு கிடந்தது. ஒரு செருப்பைப் பார்த்துவிட்டுப் புரட்டிப் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. கறுப்புத் தோல். மேல்பாகம் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை. பின்னால் ஒரு வார். அடிப்பாகம் பன் ரொட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. ஹீலும் இல்லை, ஆணியும் இல்லை. ஊரில் எல்லாருக்கும் குதிகால் ஓரம்தான் முதலில் தேயும். இதுவோ பாதம் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. குதிகாலை ஊன்றாமல் நடப்பது யார்? பூனை. அதை விட்டால், ஓடு பிரித்து உள்ளே இறங்குகிறவன்.

டப்பாவை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பதால் அதில் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கொடுத்தனுப்பினாள். சந்தேகம் வேறு, மரியாதை வேறு.

விஷயம் என்னவென்றால், சோபனாவின் ஒரே மகள் சௌமியாவுக்கும், நாலு வீடு தள்ளியிருக்கும் ஜெயம்மாளின் மகன் செல்வகுமாருக்கும் இன்னும் பதினான்கு நாளில் நிச்சயதார்த்தம். சௌமியா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அதை அவள் வாயால் சொல்லவில்லை; ஆனால் பெண் பார்க்க வந்துபோன நாளிலிருந்து காலையில் இரண்டு தடவை தலை வாரினாள். சோபனா எண்ணி வைத்திருந்தாள்.

செல்வகுமார் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். சேர்ந்து பதினோரு வருடம், அத்தனையும் ஒரே கப்பலில். எங்கோ பனி கொட்டுகிற நாட்டில் கட்டி, இவன் பிறப்பதற்கு முன்பே நம்மிடம் வந்து சேர்ந்தது அது. டீசல் எஞ்சினை ஓட்டிப் பேட்டரியில் மின்சாரத்தை ஏற்றிக்கொள்ளும். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேட்டரியின் தயவில் தண்ணீருக்கு அடியில் சத்தமில்லாமல் நகரும். இவ்வளவும் ஜெயம்மாள் சொல்லித் தெருவுக்குத் தெரியும். அந்தக் கப்பலைத்தான் போன மாதம் கிழக்கே கடலுக்கு அப்பால் இருக்கிற வேறொரு நாட்டுக் கடற்படைக்குக் கொடுத்துவிட்டார்கள். விசாகப்பட்டினத்தில் ஒரு கொடியை இறக்கி, இன்னொரு கொடியை ஏற்றி, நம் ஆட்கள் பலகை வழியாக இறங்கி வர, அதே பலகை வழியாக அவர்கள் ஆட்கள் ஏறிப் போனார்களாம். அதற்கு முன் எட்டு மாதம் அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் செல்வகுமாரும் ஒருவன். இப்போது இரண்டு மாத லீவு. லீவு முடிந்ததும் வேறு கப்பல்.

இதில் எதையும் தெரு நம்பவில்லை.

வேலூர்ப் பக்கம் மிலிட்டரி வீடு ஒன்றும் புதிதில்லை. லீவில் வருகிற மிலிட்டரிக்காரன் எப்படி இருப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். பச்சை டிரங்குப் பெட்டியை இறக்கின அரை மணியில் டீக்கடைக்கு வந்துவிடுவான். பனியில் விரல் மரத்துப்போன கதையை, ஒவ்வொரு லீவுக்கும் ஒரு விரல் ஜாஸ்தியாக, சொல்லிக்கொண்டே இருப்பான். இவனோ டீக்கடைப் பக்கமே வருவதில்லை. கப்பல் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டால் "போவும்ணா" என்பான். எத்தனை பேர் இருப்பார்கள் என்றால் "இருப்பாங்க" என்பான். குளிக்கப் போனால் இரண்டே சொம்புத் தண்ணீரில் வெளியே வந்துவிடுகிறான் என்று ஜெயம்மாள் பெருமையாகச் சொன்னாள். இரண்டு சொம்பில் குளிப்பதில் என்ன பெருமை என்று சோபனாவுக்கு விளங்கவில்லை. விடிகாலையில் மொட்டை மாடியில் போனில் இந்தியில் பேசுகிறான். துணி காயப்போட சோபனா தன் மாடிக்கு ஏறினால் பேச்சைச் சட்டென்று நிறுத்திவிடுகிறான். ஆனால் அவள் மனதில் எல்லாவற்றையும் விட உறுத்தியது ஜெயம்மாள் போகிற போக்கில் சொன்ன ஒன்று. கப்பலைக் கொடுத்த அன்று பையன் அழுதானாம். இரும்புக்காக எந்த ஆம்பளை அழுவான்?

கப்பலைக் கொடுத்ததைப் பற்றியும் சோபனாவிடம் தனியாக ஒரு கணக்கு இருந்தது. அவள் ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ஃபைனல் செக்கிங். பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு ஷூவையும் எடுத்து, திருப்பி, வளைத்து, குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு விழுந்தது ரிஜெக்ட். நல்ல சரக்கு பெட்டிக்குள் போகும். ரிஜெக்ட் பஜாருக்குப் போகும். பத்தொன்பது வருடத்தில் நல்ல ஜோடியை யாரும் அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

"கப்பல் ரிஜெக்ட்னா, அதுல வேல பாத்தவன் மட்டும் எப்படி ஃபர்ஸ்ட் குவாலிட்டி ஆவான்?" என்று கணவரிடம் கேட்டாள்.

கன்னியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் கூட சவுரியம்மா கிட்ட வாங்கினதுதான? ஓடுதே" என்றார். இவரிடம் பேசுவதும் ஒன்று, ஃபிரிட்ஜிடம் பேசுவதும் ஒன்று என்று சோபனா எழுந்து போனாள்.

அந்த ஃபிரிட்ஜின் பழைய சொந்தக்காரி சவுரியம்மாள், அதே கம்பெனியில் நூல் வெட்டுகிற மேஜையில் வேலை பார்ப்பவள். தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் சோபனாவுக்குப் பக்கத்து சீட்டு. சந்தேகம் என்பது ஊறுகாய் மாதிரி, தனியாக வைத்துத் தின்ன முடியாது. எனவே சோபனா எல்லாவற்றையும் அவளிடம் வைத்தாள். சவுரியம்மாள் கேட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை காலை பஸ் ஏறியதும், ஜன்னலோர சீட்டைக்கூட விட்டுக்கொடுத்தாள். அப்போதே ஏதோ பெரிய விஷயம் என்று சோபனாவுக்குத் தெரிந்துவிட்டது. சவுரியம்மாள் ஜன்னலை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"வாஹித் பாஷா பட்டறை தெரியும்ல?"

தெரியாமல் என்ன. கேட்டுக்கு அந்தப் பக்கம், நாலு தையல் மிஷினை வைத்துக்கொண்டு சாண்டல் செய்து கொடுக்கிறவர். முன்பு இவர்கள் கம்பெனியிலேயே கட்டை பிரிவில், அதாவது ஷூவுக்கு உள்ளே வைத்து வடிவம் எடுக்கிற கால் அச்சுகளைக் கவனிக்கிற பிரிவில், இருந்தவர். சவுரியம்மாளின் தங்கை இப்போது அங்கேதான் மிஷின் மிதிக்கிறாள்.

"உன் மாப்ள இந்த வாரத்துல மூணு தபா அங்க வந்தாராம். செருப்பு செய்யச் சொல்லி. கறுப்புத் தோலு, மேல பூரா ஓட்ட, அடில மெத்து. ஒரே ஒரு ஜோடி."

"அவுருக்கா இருக்கும்."

"அவுரு காலு நாப்பத்திரெண்டு. எந்தங்கச்சி கண்ணால பாத்தா. ஆர்டர் முப்பத்தெட்டு."

பஸ் கேட்டில் நின்றது. சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது, பெட்டி பெட்டியாக.

ஆம்பூரில் வேறு எதில் சந்தேகம் இருந்தாலும் நம்பரில் இருக்காது. அவர்கள் லைனில் ஆண்களுக்கான ஷூ நாற்பதில்தான் தொடங்கும். முப்பத்தொன்பதும் அதற்குக் கீழேயும் வந்தால் அது பெண்கள் சரக்கு. பெட்டி வேறு, மேஜை வேறு, பெல்ட்டே வேறு. பத்தொன்பது வருடத்தில் முப்பத்தெட்டாம் நம்பரில் ஒரு ஆம்பளை ஷூவை அவள் தொட்டதில்லை.

எட்டு மாதம் கற்றுக்கொடுத்தான். கொடுத்த அன்று அழுதான். விடிகாலை போன். இப்போது முப்பத்தெட்டு, ஒரே ஜோடி, தான் போடுகிற அதே தினுசு. கடலுக்கு அப்பால் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய கால் அளவு வரை மனப்பாடம்.

"நான் யார் கிட்டயும் சொல்லல" என்றாள் சவுரியம்மாள். இரண்டு சீட்டு பின்னால் வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் பஸ் திரும்பி வந்தபோது மூன்று தெருவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கேட்டருகே கீரை விற்கிறவள் சோபனாவுக்கு ஒரு கட்டு கூடவே கொடுத்து, பெண்ணைப் பெற்றவள் பாடு கஷ்டம்தான் என்றாள். கீரையைக் கையில் பிடித்தபடியே சோபனா நேராக ஜெயம்மாள் வீட்டுக்குப் போனாள்.

ஜெயம்மாள் நிச்சயதார்த்தத் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். செல்வகுமார் மிக்சியைக் கழற்றி நாளிதழ் மேல் பரப்பி வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னார்கள், சோபனா உட்காரவில்லை. பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, தேதியைத் தள்ளிப்போடலாம் என்று சொல்வதாகத்தான் வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"முப்பத்தெட்டாம் நம்பர் செருப்பு யாருக்குப்பா?"

செல்வகுமார் திருப்புளியைக் கீழே வைத்தான். "ஒரு தோஸ்துக்கு, அத்தை."

"எந்த ஊரு தோஸ்து?"

அவன் மிக்சியின் திருகுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினான். ஜெயம்மாள் இவள் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பேரு என்ன என்று சோபனா கேட்டாள். கப்பலைப் பற்றியோ, அதை வாங்கிக்கொண்டு போன ஆட்களைப் பற்றியோ வெளியே எதுவும் பேசக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு, மன்னிச்சுக்குங்க அத்தை, என்று கடைசியில் சொன்னான். மெதுவாக, மிக மரியாதையாக. சோபனாவுக்கு அந்த மரியாதைதான் இன்னும் உறுத்தியது. சத்தம் போடுகிற மாப்பிள்ளையை நம்பலாம், இப்படி இழைகிறவனை எப்படி நம்புவது?

"பேரு சொல்ல முடியாத தோஸ்துக்கு காலு அளவு மட்டும் தெரியுமா?" என்றாள் சோபனா.

ஜெயம்மாள் தட்டை நங்கென்று வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"சோபனா, எம்பையன் தண்ணிக்கடில இருந்த பதினோரு வருசமும் நான் சோறு ஒழுங்கா சாப்புட்டதில்ல. அவன் இருக்கானா இல்லையான்னு கூட போன் வராது. அப்பக்கூட நான் அவன சந்தேகப்பட்டதில்ல. உனக்கு சந்தேகமா இருந்தா உம்பொண்ண நீயே வெச்சிக்க. நான் ஒண்ணும் பெட்டில போட்டு அனுப்பச் சொல்லல."

சோபனா கீரைக்கட்டோடு திரும்பி வந்தாள். வீட்டில் சௌமியாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஸ்கேன் சென்டருக்கு வந்த ஒரு பேஷன்ட், வயிற்றில் இவள் ஜெல் தடவும்போதே, பாவம்மா நீ என்றிருக்கிறாள். சௌமியா அழவில்லை, கத்தவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ அந்தச் செருப்பப் பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை.

அந்த வார்த்தை சோபனாவுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. சரக்கைக் கையில் எடுக்காமல், அடுத்த மேஜைக்காரி சொன்னாள் என்று அம்பு ஒட்டிய செக்கரை அவளே ஒரு முறை மேனேஜரிடம் போட்டுக்கொடுத்து, வேறு பிரிவுக்கு மாற்ற வைத்திருக்கிறாள். சனிக்கிழமை அரைநாள் வேலை. பஸ்ஸிலிருந்து கேட்டிலேயே இறங்கிக்கொண்டாள். செருப்பைப் பார்ப்பது, கையும் களவுமாகப் பிடிப்பது, பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டுவது. அதற்கு மேல் ஒரு வார்த்தை யாரும் பேசக்கூடாது.

வாஹித் பாஷா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அரே, செக்கிங் சோபனாம்மா. வாங்க வாங்க." டீ சொன்னார். அவள் எதற்கு வந்தாள் என்று கேட்கவேயில்லை. ஊரே பேசுவது அவர் காதுக்கு மட்டும் வராமல் இருக்குமா? அலமாரியிலிருந்து துணிப்பையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"நல்லதாப் போச்சு. நீங்களே பாத்துக் குடுங்க. வெளிநாடு போறது. ஒரு ஜோடிதான்னாலும் எக்ஸ்போர்ட் எக்ஸ்போர்ட்தான்."

சோபனா செருப்பை எடுத்தாள். கைகள் தாமாக வேலையைத் தொடங்கிவிட்டன. இரண்டையும் சேர்த்து வைத்து உயரம் பார்த்தாள். ஓட்டைகளை எண்ணினாள், இடதுக்கும் வலதுக்கும் சரியாக இருந்தன. தையல் நேர். வார் பலம். அப்புறம், எப்போதும் செய்வது போல, விரல்களை உள்ளே விட்டு முன்பாதம் வரை தள்ளினாள்.

விரல்கள் நின்றுவிட்டன.

இன்னொரு முறை விட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டில் அவள் கைக்குப் பழகியது ஒடுக்கம். நான்கு விரலை விட்டால் இரண்டு பக்கமும் தோல் இடிக்கும். இங்கே கட்டைவிரலையும் சேர்த்து விட்டாலும் இடம் மிச்சம் இருந்தது. விரல் அடியில் அகலம். மேல்பாதத்தில் தடிமன். நீளம்தான் முப்பத்தெட்டு. மற்றதெல்லாம் மூட்டை தூக்குகிறவன் கால்.

"பாய், இது லேடீஸ் இல்ல."

"நான் எப்ப லேடீஸ்னு சொன்னேன்?" என்றார் வாஹித் பாஷா. "என் கிட்ட முப்பத்தெட்டுல ஜென்ட்ஸ் கட்ட ஏது? இந்த ஊர்லயே கெடையாது. மொதல்ல லேடீஸ் கட்டைலதான் செஞ்சேன். அந்தப் புள்ள பாத்துட்டு, இதுல அவன் காலு நுழையாது பாய்னு திருப்பிட்டான். அப்புறம் கட்ட மேல தோல் துண்டு ஒட்டி ஒட்டி அகலம் பண்ணேன். மூணு நாளு பேஜாரு. அதுக்குத்தான் அவன் மூணு தபா வந்தான்."

ஒட்டுப்போட்ட கட்டைகள் பக்கத்திலேயே கிடந்தன, தோல் துண்டுகளோடு, ஏதோ வியாதி வந்த கால் மாதிரி. அதன் அடியில் ஒரு காகிதம். பென்சிலால் கோடு இழுத்து எடுத்த பாத வரைபடம். குட்டையான, சதுரமான, ஐந்து விரலும் ஐந்து திசை பார்க்கிற பாதம். ஓரத்தில் சோபனாவுக்குப் புரியாத வட்ட வட்டமான எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. பெருவிரல் பக்கத்தில் எண்ணெய்க் கறை.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் யார் என்று அவருக்கும் தெரியாது என்றார் வாஹித் பாஷா. கேட்டதற்குப் பையன் சொல்லவில்லையாம். செருப்புக்கு எது தேவையோ அதை மட்டும் சொன்னானாம். தரை இரும்பு, எண்ணெய் சிந்தியிருக்கும், வழுக்கக்கூடாது, வெளியே கேட்கிற மாதிரி சத்தம் வரக்கூடாது. கப்பலோடு வந்த செருப்பெல்லாம் பெரிய பெரிய காலுக்குத் தைத்தது. அந்த தோஸ்துக்கு அதில் பாதம் நிற்காமல் படிக்கட்டில் இரண்டு முறை விழுந்திருக்கிறான். அதிகாரி கிட்ட பர்மிஷன் கேட்டிருக்கேன் பாய், இருபதாம் தேதி நம்ம ஆள் ஒருத்தர் அங்க போறார், அவர் கையில் கொடுத்துவிடணும் என்றானாம். விடிகாலை போன் அந்த அதிகாரிக்குத்தான் என்று யாரும் சொல்லாமலே சோபனாவுக்கு விளங்கியது. டீ ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் செக்கிங் பாதியில் நின்றிருந்தது. வலது செருப்பைக் காதருகே கொண்டுபோய் நடுவில் வளைத்தாள்.

கிறீச்.

சின்னச் சத்தம்தான். பஜாரில் விற்கிற செருப்பென்றால் அவளே விட்டுவிடுவாள். இன்னொரு முறை வளைத்தாள். கிறீச். இடதில் இல்லை, வலதில் மட்டும். கைப்பைக்குள் எப்போதும் கிடக்கிற ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஒரு சிவப்பு அம்பைக் கிழித்து அந்த இடத்தில் ஒட்டி அவர் முன்னால் வைத்தாள்.

"இது போவக்கூடாது பாய். சத்தம் வருது."

வாஹித் பாஷா வளைத்துப் பார்த்தார், ஒத்துக்கொண்டார். உள் அட்டையைப் பிரித்து, இரண்டு தோலும் உரசுகிற இடத்தில் முகப்பவுடரைத் தூவி, மறுபடி ஒட்டி, மறுபடி வளைத்தார். மூன்றாவது தடவை சத்தம் நின்றது. சோபனா தன் காதில் வைத்து இருபது முறை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் அம்பை உரித்தாள். பையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அவர் சரி என்றார். அவள் படி இறங்கும்போது, "அந்தப் புள்ள நல்ல கஸ்டமர்மா, கொற கண்டுபுடிச்சா மூஞ்சி சுளிக்காம சொல்றான்" என்றார். அது செருப்பைப் பற்றிய பேச்சு மட்டும்தான் என்று சோபனா எடுத்துக்கொண்டாள்.

ஜெயம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது. செல்வகுமார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். சோபனா பையை நீட்டினாள்.

"வலது காலு கத்துச்சு. சரி பண்ணிட்டேன்."

மன்னிப்பு என்று வேறெதையும் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அவன் பையைப் பிரித்தான். வலது செருப்பை எடுத்துக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வளைத்தான். அப்படி ஒருவன் செருப்பைக் கேட்பதை அவள் தன் கம்பெனிக்கு வெளியே பார்த்ததில்லை. கண் திறந்தபோது அவன் முகம் சின்னப் பையன் முகமாக இருந்தது.

"அத்தை, பேரு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த எஞ்சின் பக்கத்துல பதினோரு வருசம் நான் நின்னேன். ரெண்டாவது எஞ்சின் குளிர்ல இருமும், தட்டிக் குடுத்தா அடங்கும். அதெல்லாம் அவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். எனக்கப்பறம் அந்த எடத்துல நிக்கிறவன் செருப்பு சரியில்லாம விழுந்தான்னு இருக்கக்கூடாது."

சோபனா தலையாட்டினாள். தான் நிற்கும் பெல்ட்டில் தனக்குப் பிறகு யார் நிற்பார்கள் என்று பத்தொன்பது வருடத்தில் அவள் யோசித்ததே இல்லை. யோசித்தபோது, இரண்டு மூன்று பெயர்கள் ஞாபகம் வந்தன, ஒன்றும் பிடிக்கவில்லை.

ஜெயம்மாள் அப்போதும் தலை தூக்கவில்லை. "உம்பொண்ணு மேல எங்கனா அம்பு ஒட்டி வெச்சிருக்கியா?" என்று கீரையிடம் கேட்டாள். "இருந்தா இப்பவே சொல்லிடு. அப்பறம் நான் பாத்து திருப்பி அனுப்பினேன்னு பேரு வேணாம்."

"பாத்துக்கக்கா. நீயே வளைச்சிப் பாத்துக்க" என்றாள் சோபனா.

"வளைஞ்சா சரி. உன்ன மாதிரி வெறப்பா இருந்தாதான் கஷ்டம்." முறத்தைத் தள்ளி வைத்தாள். "காபி போடட்டா, இல்ல அதுலயும் சந்தேகமா?"

நிச்சயதார்த்தம் குறித்த ஞாயிறே நடந்தது. மூன்று தெருவில் பரப்பினதை மூன்று தெருவிலும் போய் அள்ளி வருவது பரப்புவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சோபனா நடந்ததை நடந்தபடி சொன்னாள். கீரைக்காரி நம்பவில்லை, கொடுத்த கட்டைத் திருப்பிக் கேட்காதது ஒன்றுதான் பாக்கி. சவுரியம்மாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, "அப்ப ஒரு ஆம்பளைக்கு எதுக்குடி இவ்ளோ பாத்துப் பாத்து செருப்பு செய்யறான்?" என்று அடுத்ததை ஆரம்பித்தாள். சோபனாவுக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாக பஸ்ஸில் தூக்கம் வந்தது.

மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டு வரிசையில் ஒரு ஜோடி ஷூ வைப்பது வழக்கம். சோபனா அதைக் கன்னியப்பனிடமும் விடவில்லை, கடையிலும் வாங்கவில்லை. நாற்பத்திரண்டாம் நம்பர், பழுப்புத் தோல், வாஹித் பாஷாவிடம் சொல்லிச் செய்தது. தையல், உயரம், வார், பாலிஷ் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தாள். வலது கால் கிறீச்சிட்டது. வாஹித் பாஷா பவுடர் டப்பாவை எடுத்தார்.

"அது இருக்கட்டும் பாய்" என்று சோபனா தடுத்தாள்.

நிச்சயம் முடிந்து மூன்றாம் நாள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் கிறீச், கிறீச் என்று கேட்டது. துருவுவதை நிறுத்தாமலே, "சௌமியா, டீத்தண்ணிய ஏத்து, மாப்ள வர்றாரு" என்றாள்.